எகலப்பொலக் குமாரிஹாமியின் கொலைத்தண்டம்: சமயமும் அரசியலும்

பிரெஞ்சு வீரமங்கை ஜோன் 1431ஆம் ஆண்டு மே 30இல் ரூவென் நகரிலே உயிரோடு எரிக்கப்பட்டாள். தீர்ப்பளித்தது சமயமன்று, அதனை வேண்டி நின்றது ஆங்கிலேயர் அரசியல். இருபத்தைந்து ஆண்டுகளின்பின் திருச்சபையே அத்தீர்ப்பைத் தள்ளிற்று. புசல்லாவையிலிருந்து கம்பளை வழியே சென்றடையும் கண்டிமாநகரில், 1814 மே மாதத்தில் மாண்ட எகலப்பொலக் குமாரிஹாமியின் வரலாற்றில் இவ்விரண்டும் எவ்வாறு பின்னின என்பதே ஈண்டு ஆராயப்படுவது. காலத்தால் அவள் இடைக்காலத்தினள் அல்லள். எனினும் அவளைக் கொன்ற ஆட்சிமுறை இடைக்கால நெறியினதே.

1739 முதல் கண்டியை ஆண்டோர் மதுரைத் தொடர்புடைய நாயக்க மரபினர். பிறப்பாற் சைவ வைணவச் சூழலினரான இவர்கள் முடிசூடியபின் பௌத்தத்தைப் போற்றினர். 1753இல் சீயத்திலிருந்து பிக்குகளை வருவித்து உபசம்பதையை மீட்டவன் கீர்த்திஸ்ரீ ராஜசிங்கன். அவனையே, திருநீறு அணிகின்றான் என்று குறைகூறி, 1760இல் பிக்குகள் சிலரும் பிரதானிகளும் கொல்லச் சூழ்ந்தனர்! அரசன் மீது அதிருப்தி எழுந்தபோதெல்லாம் சமயம் ஒரு படைக்கலமாக எடுக்கப்பட்டமைக்கு இஃதொன்றே போதிய சான்று.

கண்ணுசாமி என்னும் இளைஞனை 1798இல் ஸ்ரீ விக்கிரமராஜசிங்கன் என அரியணை ஏற்றியவன் மகா அதிகாரம் பிலிமத்தலாவை. தன் கைப்பாவையாக அரசன் இருப்பான் என்பது அவன் எண்ணம். எண்ணம் பிழைத்தது, 1811இல் அவன் தலை துணிக்கப்பட்டது. அவனிடத்தைப் பெற்ற எகலப்பொலையும் 1814இல் அரசன் அழைப்புக்கு இணங்காது சப்பிரகமுவாவிற் கலகம் விளைத்தான். தோற்று, கொழும்பில் ஆங்கிலேயரிடம் அடைக்கலம் புகுந்தான்.

மாகாணங்களை ஆளச்செல்லும் பிரதானிகளின் மனைவி மக்கள் தலைநகரில் பிணையாக இருத்தல் அந்நாளைய வழக்கம். எகலப்பொலை தப்பினான், பிணை சிக்கியது. பிள்ளைகள் தாயின் கண்முன்னே வெட்டுண்டனர். மூத்தவன் அஞ்சித் தாயைப் பற்ற, இளையவனான மத்தும பண்டார முன்வந்து தலை நீட்டினான் என்பர். வெட்டுண்ட தலைகளை உரலிலிட்டு இடிக்குமாறு தாய் ஏவப்பட்டாள் என்றும், பின்னர் உறவுப் பெண்டிருடன் குளத்தில் அமிழ்த்தப்பட்டாள் என்றும் ஜோன் டேவி 1821இல் வெளியிட்ட நூலில் எழுதினார். நகரமே அடுப்பு மூட்டாது துயருற்றதாம். டேவி 1816இல் இலங்கைக்கு வந்தவர். கண்ணாற் கண்டவர் அல்லர். ஆதலின் நுணுக்கங்களை அளந்து கொள்ளல் வேண்டும். ஆயினும் கொலை நிகழ்ந்தமையில் ஐயமில்லை. அரசன் தமிழ் பேசியவன் என்பதற்காக அதனைக் குறைத்துக் கூற முற்படுதல் வரலாறாகாது.

இத்தண்டத்தில் சமயக் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. ரூவெனிற் சமயம் தீயை மூட்டியது. கண்டியிலோ சமயமும் இனமும் பிணத்தின்பின் வந்து சேர்ந்தன. எகலப்பொலையைப் புகழும் 'வடுக ஹட்டன' என்னும் சிங்களப் போர்ப்பாட்டு வடுகரை இழித்துரைத்தது. 1815 மார்ச் 2ஆம் நாள் உடன்படிக்கை 'மலபார்' அரசனின் கொடுமையைக் காரணமாகக் காட்டி, அவன் உறவினர் யாவரையும் கண்டி நாட்டினின்றும் விலக்கிற்று. ஐந்தாம் பிரிவில் பௌத்தத்தைக் காப்பதாகவும் வாக்களித்தது. ஒரு மனிதன் புரிந்த கொடுமை ஒரு மரபின் கொடுமையாக எழுதப்பட்ட விதம் இது. எழுதியவர்களுக்கோ நாடு வேண்டியிருந்தது; ஜோன் டொயிலி நெடுநாளாகவே கண்டிப் பிரதானிகளோடு மறைவில் தொடர்பு பூண்டிருந்தார்.

அரசன் வேலூரில் 1832இல் இறந்தான். அரியணையை எதிர்பார்த்த எகலப்பொலையோ ஆங்கிலேயரால் 1825இல் மொரீசியஸ் தீவுக்கு அனுப்பப்பட்டு, 1829இல் அங்கே மடிந்தான். குமாரிஹாமியின் உடன்பிறந்தவன் எனப்படும் கெப்பிட்டிப்பொல திசாவை 1818 நவம்பர் 26இல் அதே கண்டியில், போகம்பரைக் குளத்தருகே தலை துணிக்கப்பட்டான். இம்முறை வாளை ஏவியவர்கள், அவள் கொலையைக் கண்டித்து நாட்டினுள் நுழைந்த ஆங்கிலேயரே.