25 ரூபாய் ஷேர்

தூத்துக்குடியில் வணிக ஆங்கிலம் சொல்லிக்கொடுப்பவன் நான். கேப்பிட்டல், ஷேர், டைரக்டர் என்று பாடநூல் அடுக்கிக்கொண்டே போகும், நான் வ.உ.சி.யின் கப்பல் கம்பெனியைத்தான் எடுப்பேன். 1906 அக்டோபரில் பதிவான சுதேசி ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி. மூலதனம் 10 லட்சம் ரூபாய். 25 ரூபாய் வீதம் 40,000 ஷேர். பாண்டித்துரைத் தேவர் தலைவர், வக்கீலான வ.உ.சி. உதவிச் செயலாளர். (வேலையெல்லாம் உதவிச் செயலாளர் தலையில்தான், எந்த ஆபீஸிலும்!) பம்பாய் வரை போய் அலைந்தார், காலியா, லாவோ கப்பல்கள் வந்தன.

போட்டிக்கு வேறு உதாரணம் எதற்கு? ஆங்கிலேயரின் பிரிட்டிஷ் இந்தியா கப்பல் கம்பெனி தூத்துக்குடி–கொழும்புக் கட்டணத்தை 1 ரூபாயாக இறக்க, இவர்கள் எட்டணா என்றார்கள். அவர்களோ சும்மாவே ஏற்றிக் குடையும் கொடுத்தார்களாம். பிள்ளைகள் சிரிப்பார்கள். 1908இல் வ.உ.சி. சிறைக்குப் போனார், 1911இல் கம்பெனி லிக்விடேஷனுக்குப் போனது.