வேலி இருந்த வளவுகள்

எமது சங்கம் தோன்றிய நாட்களில் யாழ்ப்பாணத்தில் மதில் கட்டிய வீடுகள் சிலவே. மற்ற வளவுகளுக்கெல்லாம் உயிர்வேலிதான். கிளுவை, பூவரசு, முள்முருக்கு என்று கதியால் நாட்டி, இடையைப் பனையோலையாலோ கிடுகாலோ அடைப்பார்கள். கதியால் தளிர்த்து மரமாகும். அதை ஒரு முழம் தள்ளி நட்டதற்கு வழக்காடிய குடும்பங்களை நாம் எல்லோரும் அறிவோம். 1707இல் ஒல்லாந்தர் தொகுப்பித்த தேசவழமையிலேயே, அயல் காணிக்குள் கிளை நீட்டிய மரத்தின் பலன் பற்றிய பேச்சு வந்துவிடுகிறது.

பூவரசங்குழை ஆட்டுக்கும் போனது, தோட்டத்து மண்ணுக்குப் பசளையாகவும் போனது. முள்முருக்கந்தடி கலியாண வீட்டில் கன்னிக்காலாயிற்று. வேலியில் குடியிருந்தவர்களைத்தான் யாரும் கணக்கில் எடுக்கவில்லை. முள்முருக்கு சிவப்பாய்ப் பூக்கையில் தேன்சிட்டும் மைனாவும் வந்தன. அடிச்சருகைக் கிளறிப் புலுனிக்கூட்டம் பூச்சி பொறுக்கியது. செண்பகம் ஓணானைத் தேடிப் பற்றைக்குள் நுழைந்தது. கீரிப்பிள்ளை அடுத்த வளவுக்குப் போக ஒரு வேலிப்பொட்டு போதும். (அம்மாமார் ஊர்க்கதை பேசியதும் அதே பொட்டாலேதான்.)

சீமெந்தும் வெளிநாட்டுக் காசும் மதிலைக் கொண்டுவந்தன. போரும் தன் பங்கைச் செய்தது. பதுங்குகுழிகளுக்கும் காவலரண்களுக்குமாகப் பனைகள் பெருந்தொகையாக வீழ்ந்தன. 1995 இடப்பெயர்வின் பின் திரும்பியவர்கள் பலருக்கு எல்லை தெரிய வேலியே மிஞ்சவில்லை. உடனே எழும்பியது மதில்தான். அவர்களைக் குறை சொல்ல முடியாது. மதிலடியில் குரோட்டனும் போகன்வில்லாவும் வந்தன. கண்ணுக்கு அழகுதான், ஆனால் நம்மூர்ப் புழுக்களில் அநேகம் அவற்றைத் தீண்டா. புழு இல்லாத வளவில் குஞ்சுக்கு ஊட்டக் குருவிக்கு என்ன இருக்கிறது?

தேசியும் கறிவேப்பிலையும் இன்னும் பல வீடுகளில் நிற்பது ஆறுதல். அவற்றின் இலையில் குருவி எச்சம் போல் ஒட்டியிருப்பது பெரும்பாலும் வண்ணத்துப்பூச்சியின் புழு; நசுக்க வேண்டாம். எருக்கலையில் வெந்தய வரியன் முட்டையிடும். ரொறன்ரோவில் வாழும் சகோதரிகள் அதன் உறவான மொனாக் வண்ணத்துப்பூச்சியைக் கண்டிருப்பீர்கள். அதன் புழு தின்னும் மில்க்வீட் செடியும் நம் எருக்கலைக்கு உறவே. அங்கே வீட்டுப் பின்வளவில் நட அதைவிட நல்ல செடி நமக்குத் தெரியவில்லை.

ஊர் வீட்டைத் திருத்தக் காசு அனுப்புவோரிடம் ஒரு வேண்டுகோள். முன்பக்கம் மதில் கட்டுங்கள். கோடிப்பக்கத்தையாவது கதியாலுக்கு விடுங்கள். சீமைக்கிளுவை கெதியாய் வளரும் என்று வேலைக்காரர் சொல்வார்கள். அது அமெரிக்காவிலிருந்து வந்தது. பூவரசும் நாட்டுக் கிளுவையும் கேளுங்கள். ஐப்பசி மழையோடு நட்டால் தண்ணீர் ஊற்றும் வேலையும் குறைவு.