57 லட்சம் எப்படி 25 லட்சம் ஆனது? எச்.ஐ.வி கணக்கு இப்படித்தான் போடுறாங்க!

இந்தியாவில் 57 லட்சம் பேருக்கு எச்.ஐ.வி இருப்பதாக 2006-ல் ஐ.நா.வின் யுஎன்எய்ட்ஸ் அமைப்பு மதிப்பிட்டது. 2007 ஜூலையில் அந்த எண்ணிக்கை சுமார் 25 லட்சமாகக் குறைந்தது. மீதிப் பேர் என்ன ஆனாங்க? ஒண்ணும் ஆகலை. மாறியது கணக்கு போடும் முறைதான்.

ஆஸ்பத்திரி பதிவேடு போதாதா?

போதாது. தாம்பரம் சானடோரியம் அரசு மருத்துவமனைக்கு வெளி மாவட்டங்களிலிருந்தும் ஆந்திராவிலிருந்தும் நோயாளிகள் வருகிறார்கள். அந்தக் கூட்டத்தை வைத்து, 'தாம்பரத்தில் தொற்று அதிகம்' என்று சொல்ல முடியாது. டெஸ்ட்டே எடுக்காதவர்கள் எந்தப் பதிவேட்டிலும் இருக்க மாட்டார்கள்.

அப்போ எப்படி?

தேர்வு செய்த மையங்களுக்கு வரும் கர்ப்பிணிகளின் ரத்த மாதிரியை, மையத்துக்கு 400 வீதம், பெயர் சேர்க்காமல் சோதித்தார்கள். அந்த விகிதத்தை வைத்து மொத்த எண்ணிக்கையை மதிப்பிட்டார்கள்.

தப்பு எங்கே?

தொற்று உள்ளவர்களைத் தனியார் மருத்துவமனைகள் அரசு மருத்துவமனைக்கு அனுப்பிவிடுவதால் அங்கே விகிதம் கூடுவதை ஆந்திராவின் குண்டூர் ஆய்வு காட்டியது. 2005-06 தேசிய குடும்ப நல ஆய்வில் வீடு வீடாக 1 லட்சத்துக்கும் மேற்பட்டோரைச் சோதித்தபோது, தொற்று விகிதம் 0.28% மட்டுமே. உலகக் கணக்கும் 3.95 கோடியிலிருந்து 3.32 கோடியாக இறங்கியது.

நமக்கு என்ன?

2004 ஏப்ரலில் இலவச ஏ.ஆர்.டி மாத்திரை தொடங்கிய முதல் 8 மையங்களில் தாம்பரமும் ஒன்று. எத்தனை பேருக்கு மாத்திரை தேவை என்பதை இந்த மதிப்பீடுதான் சொல்கிறது. மதிப்பீட்டில் இருந்து, பதிவேட்டில் இல்லாதவர்களைத்தான் கண்டுபிடிக்கணும். சந்தேகம் இருந்தால் தயங்காதீங்க: அரசு நம்பிக்கை மையங்களில் டெஸ்ட் இலவசம், விவரம் ரகசியம். உதவிக்கு 1097.