வாஷரும் வளையமும்: ஸ்ரீராம்புரத்து அடுப்புகள்

பெங்களூரு ஸ்ரீராம்புரம் பின்னி, மினர்வா ஆலைகளை நம்பிப் பிழைத்த தமிழ்க் குடும்பங்கள் நிறைந்த பகுதி. ஷிப்டு நேரத்துக்குள் சோறு பொங்க விறகைவிட மண்ணெண்ணெய் பம்ப் ஸ்டவ் தோதானது. இதன் மூல வடிவம், 1892இல் சுவீடனில் லிண்ட்குவிஸ்ட் உருவாக்கிய பிரைமஸ்.

பம்பின் உயிர் ஒரு தோல் வாஷர். கிண்ணம் போல் குழிந்த அந்தத் தோல், கம்பியை அழுத்தும்போது விரிந்து குழாயோடு ஒட்டிக் காற்றைத் தொட்டிக்குள் தள்ளும். இழுக்கும்போது தளர்ந்து காற்றை உள்ளே விடும். காய்ந்தால் சுருங்கிவிடும், எவ்வளவு அடித்தாலும் காற்று ஏறாது. கழற்றித் துடைத்து, எண்ணெயில் ஊறவைத்து, விளிம்பை விரலால் விரித்து மாட்டினால் பெரும்பாலும் சரியாகிவிடும். கிழிந்திருந்தால்தான் புதியது. மண்ணெண்ணெய் ஆவி வெளிவரும் நிப்பிளின் துளை அடைத்தால், குத்தி எடுக்க ஸ்டவ் பின். இந்தச் சில்லறை வேலைகளே ஸ்டவ் ரிப்பேர்காரரின் பிழைப்பு.

இந்தியாவில் வீட்டுச் சமையலுக்கான எரிவாயு 1955இல் பம்பாயில் அறிமுகமாயிற்று. இண்டேன் எரிவாயு 1965இல் வந்தது. எரிவாயுவோடு, தோலின் இடத்தை ரப்பர் வளையம் பிடித்தது. 1939இல் அமெரிக்காவில் கிறிஸ்டென்சன் காப்புரிமை பெற்ற ஓ-ரிங் தான் அது. சிலிண்டர் வால்வுக்குள் அமர்ந்து, ரெகுலேட்டரைச் சுற்றி வாயு கசியாமல் தடுக்கிறது. வெடிப்பு விட்ட வளையத்தை மாற்றச் சில நொடிகள் போதும். கசிவைக் கண்டுபிடிக்கச் சோப்பு நீர். ஆனால் ரெகுலேட்டரின் உள்ளிருக்கும் சவ்வை யாரும் பிரித்துச் சரிசெய்வதில்லை. பழுதானால் முழுதாக மாற்றுவதே விதி. எரிவாயு பரவப் பரவ, வாஷரை எண்ணெயில் ஊறவைக்கும் கைப்பழக்கம் தேவையற்றுப் போனது.