தகுதி என்னும் நிறக்கோடு

குத்துச்சண்டையில் ஏமாற்ற முடியாது என்பார்கள். கவிதை, ஓவியம் என்றால் ரசனை குறுக்கே வரும். யார் பெரியவர் என்று அடித்துச் சொல்ல முடியாது. இங்கே அந்தச் சிக்கல் இல்லை. இரண்டு பேர், ஒரு நடுவர், சுற்றிலும் கயிறு. நின்றவன் ஜெயித்தான், விழுந்தவன் தோற்றான். உடலே சாட்சி, உடலே தீர்ப்பு. தகுதி, திறமை என்ற சொற்களைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போன நமக்கு இது கவர்ச்சியான படிமம்தான். ஆனால் ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது. அந்த இரண்டு பேரை உள்ளே விடுவது யாரு? சாம்பியனோடு மோத இன்னாருக்கு அருகதை உண்டு, இன்னாருக்கு இல்லை என்று முடிவு பண்ணுவது யாரு? ஹெவிவெயிட் பட்டத்தின் வரலாற்றை நடந்த சண்டைகளின் வரலாறாகவே எழுதிவந்திருக்கிறார்கள். நடக்காத சண்டைகளின் வரலாறாக அதை வாசித்தால் வேறொரு சித்திரம் கிடைக்கிறது.

1891 மே மாதம் சான்பிரான்சிஸ்கோவில் பீட்டர் ஜாக்சனும் ஜேம்ஸ் கார்பெட்டும் மோதினார்கள். ஜாக்சன் கரீபியத் தீவு ஒன்றில் பிறந்து ஆஸ்திரேலியாவில் வளர்ந்த கறுப்பினத்தவர். 1886இலேயே ஆஸ்திரேலிய ஹெவிவெயிட் சாம்பியன். கார்பெட் வெள்ளையர். 61 ரவுண்டுகள் நடந்த பிறகு, இரண்டு பேருக்கும் கை தூக்கத் தெம்பில்லாத நிலையில், முடிவில்லை என்று நடுவர் நிறுத்தினார். அடுத்த ஆண்டே கார்பெட்டுக்குச் சாம்பியன் ஜான் எல். சல்லிவனோடு மோதும் வாய்ப்பு வந்தது. நியூ ஆர்லியன்ஸில் 21ஆவது ரவுண்டில் சல்லிவனை வீழ்த்திப் பட்டத்தை வாங்கினார். ஜாக்சனுக்கு? கறுப்பரோடு மோதவே மாட்டேன் என்று சல்லிவன் பகிரங்கமாக அறிவித்திருந்தார். ஒரே சண்டைதான், அது ஒருவருக்கு நுழைவுச்சீட்டாயிற்று, மற்றவருக்கு ஒன்றுமில்லாமல் போயிற்று. ஜாக்சன் பிறகு ‘அங்கிள் டாம்ஸ் கேபின்’ நாடகத்தில் வேஷம் கட்டினார். 1901இல் காசநோயில் செத்துப்போனார்.

இதில் கவனிக்க வேண்டியது, எந்தச் சட்டமும் ஜாக்சனைத் தடுக்கவில்லை என்பது. 1867இன் குவீன்ஸ்பெர்ரி விதிகள் கையுறையைப் பற்றிப் பேசுகின்றன, மூன்று நிமிட ரவுண்டைப் பற்றிப் பேசுகின்றன. தோலின் நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. நிறக்கோடு சாம்பியனின் ‘சொந்த விருப்பம்’ என்ற வடிவத்தில் இயங்கியது. எழுதப்படாத விதியை மீறினான் என்று எவன்மீதும் வழக்குப் போட முடியாது, அதை அழிக்கச் சொல்லி மனுக் கொடுக்கவும் முடியாது. கறுப்பினத்தவருக்கென்று தனியாக ஒரு ‘கறுப்பின ஹெவிவெயிட் சாம்பியன்’ பட்டமும் புழங்கியது. உங்களுக்கும்தான் ஒண்ணு இருக்கே, அப்புறம் என்ன என்று கேட்பதற்கு வசதியான ஏற்பாடு.

அந்தப் பட்டத்தை 1903இல் வென்றவர் ஜாக் ஜான்சன். உலகப் பட்டத்துக்காக அவர் ஐந்து ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது. கடைசியில் 1908 டிசம்பர் 26 அன்று சிட்னியில் டாமி பர்ன்ஸ் இசைந்தார். பர்ன்ஸுக்கு 30,000 டாலர், ஜான்சனுக்கு 5,000. கோட்டைத் தாண்டுவதற்கு ஒரு விலை இருந்தது. அதைத் தாண்டியவனே தன் கூலியில் கட்ட வேண்டியிருந்தது. 14ஆவது ரவுண்டில் போலீஸ் சண்டையை நிறுத்தியது. ஜான்சன் சாம்பியன்.

உடனே தகுதிக்கான இலக்கணம் மாறியது. தோற்காமலேயே 1905இல் ஓய்வுபெற்ற ஜிம் ஜெஃப்ரிஸ்தான் நிஜமான சாம்பியன், அவர் திரும்பி வரவேண்டும் என்ற குரல் கிளம்பியது. சிட்னியிலிருந்து செய்தி எழுதிய ஜாக் லண்டனின் குரலும் அதில் சேர்ந்திருந்தது. 1910 ஜூலை 4 அன்று ரெனோ நகரில் ஜான்சன் ஜெஃப்ரிஸையும் அடித்து வீழ்த்தினார். அன்று இரவே அமெரிக்க நகரங்களில் கறுப்பர்கள்மீது தாக்குதல் தொடங்கியது, உயிர்கள் போயின. 1912இல் குத்துச்சண்டைப் படச்சுருள்களை மாநிலம் விட்டு மாநிலம் கொண்டுபோகக் கூடாதென்று சட்டமே போட்டார்கள். உடல் தந்த சாட்சியம் தங்களுக்கு எதிராகப் போனதும், அந்தச் சாட்சியத்தை யாரும் பார்க்கக் கூடாது என்றாகிவிட்டது.

இதோடு நிறுத்தினால் கதை நமக்குச் சௌகரியமாக முடியும். ஆனால் சாம் லாங்ஃபோர்டை என்ன செய்வது? நோவா ஸ்கோஷியாவில் பிறந்த இந்தக் கறுப்பின வீரரை 1906இல் ஜான்சன் 15 ரவுண்டில் தோற்கடித்திருந்தார்; அன்று லாங்ஃபோர்டு எடையில் மிகச் சிறியவர். பின்னர் அவர் வளர்ந்து எல்லோரும் அஞ்சும் வீரரானார். சாம்பியனான ஜான்சன் அவருக்கு ஒருமுறைகூட வாய்ப்புத் தரவில்லை. வெள்ளையரோடு மோதினால் வசூல் அதிகம், ஆபத்து குறைவு. ஒருவர் உள்ளே போனதால் கதவு திறந்துவிடவில்லை. கதவைக் காக்கும் வேலையில் அவரும் சேர்ந்துகொண்டார். வெளியே நிறுத்தப்பட்ட லாங்ஃபோர்டு, ஜோ ஜெனட், சாம் மெக்வே, ஹாரி வில்ஸ் ஆகியோர் தங்களுக்குள்ளேயே திரும்பத் திரும்ப அடித்துக்கொண்டார்கள். லாங்ஃபோர்டும் வில்ஸும் மட்டும் 15 தடவைக்கு மேல் மோதினார்கள். 1944இல் ஒரு பத்திரிகையாளர் ஹார்லமில் தேடிக் கண்டுபிடித்தபோது, லாங்ஃபோர்டு கண்பார்வை போய், கையில் காசில்லாமல் கிடந்தார்.

1915இல் ஹவானாவில் ஜெஸ் வில்லர்டிடம் ஜான்சன் தோற்றார். அதன்பின் 22 ஆண்டுகள் எந்தக் கறுப்பின வீரரும் ஹெவிவெயிட் பட்டத்துக்கு மோத விடப்படவில்லை. 1920களில் ஜாக் டெம்ப்சியின் முதன்மைப் போட்டியாளர் ஹாரி வில்ஸ்தான் என்று நியூயார்க் ஆணையமே சொன்னது. 1922இல் ஒப்பந்தம், 1925இல் இன்னொரு ஒப்பந்தம். சண்டை மட்டும் நடக்கவில்லை. ஒருகட்டத்தில் வில்ஸுக்கு 50,000 டாலர் கைக்கு வந்தது — சண்டை போடாமலே. 1926இல் டெம்ப்சி–டன்னி போட்டிக்கு நியூயார்க்கில் இடம் கிடைக்காமல் போனதும் அதை ஃபிலடெல்ஃபியாவுக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். ஏற்பாட்டாளர் டெக்ஸ் ரிக்கார்டு. ரெனோ சண்டையை நடத்தியவரும் இவரே. ‘தி ரிங்’ பத்திரிகை வெளியிட்ட முதல் ஆண்டுத் தரவரிசையை, 1924ஆம் ஆண்டுக்கானதை, தயாரித்துக் கொடுத்தவரும் இவரே. யாருக்கு எந்த இடம் என்று சொல்பவரும், யாரோடு யார் மோதலாம் என்று சொல்பவரும் ஒரே ஆள்.

1937இல் ஜோ லூயிஸுக்குக் கதவு திறந்தது தகுதியின் வெற்றியா? முந்தைய ஆண்டு லூயிஸை 12ஆவது ரவுண்டில் வீழ்த்தியவர் ஜெர்மானியரான மேக்ஸ் ஷ்மெலிங். கறாராகப் பார்த்தால் முறை அவருடையது. பட்டம் நாஜி ஜெர்மனிக்குப் போய்விடும் என்ற பயமும், பணக் கணக்கும் சேர்ந்து லூயிஸை முன்னே தள்ளின. சாம்பியன் பிராடக் தரப்புக்கு, ஏற்பாட்டாளரின் ஹெவிவெயிட் லாபத்தில் பத்தாண்டுகளுக்கு 10 சதவீதம் எழுதிக் கொடுக்கப்பட்டது. லூயிஸுக்கு அவருடைய மேலாளர்கள் போட்ட நிபந்தனைகளும் இருந்தன: வீழ்ந்த வெள்ளையரைப் பார்த்து இளிக்காதே, வெள்ளைப் பெண்களோடு படம் எடுத்துக்கொள்ளாதே. ஜான்சனைப்போல இருக்காதே என்பதே இதன் சாரம். ஆக, குத்தும் வலுவோடு பணிவும் தகுதிக்குள் சேர்ந்துவிட்டது. முடிவு நமக்கு உவப்பானது என்பதால் அதற்குப் போன பாதையைத் தகுதி என்று அழைத்துவிட முடியாது.

இப்போது நிறக்கோடு பழைய வடிவில் இல்லை. பட்டம் வழங்கும் அமைப்புகள் நான்கு, ஒவ்வொன்றுக்கும் தனித் தரவரிசை. தரவரிசைக்கு லஞ்சம் வாங்கியதாக 1999இல் அவற்றில் ஒன்றின் நிறுவனர்மீது வழக்கு வந்தது. கறுப்புப்பணத்தை வெள்ளையாக்கியது, வரி ஏய்ப்பு ஆகிய குற்றங்களுக்காக 2000இல் தண்டனைத் தீர்ப்பும் வந்தது. இன்னோர் அமைப்பு, 2000 அக்டோபரில் இறந்துபோன வீரர் ஒருவரை 2001இல் ஏழாம் இடத்திலிருந்து ஐந்தாம் இடத்துக்கு உயர்த்தியது. செத்தவருக்குத் தகுதி கூடிக்கொண்டே போனது!

லாங்ஃபோர்டு பெரியவரா, ஜான்சன் பெரியவரா என்ற விவாதம் ரசிகர்களிடையே இன்றும் நடக்கிறது. அடிச்சுப் பார்த்திருந்தா தெரிஞ்சிருக்கும். அப்படிப் பார்க்க விடாமல் வைத்திருந்ததைத்தான் ‘அவருக்கு இன்னும் தகுதி வரவில்லை’ என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். அந்த வாக்கியம் எங்கே காதில் விழுந்தாலும் நாம் முதலில் விசாரிக்க வேண்டியது, அதைச் சொல்கிறவர் கதவுக்கு எந்தப் பக்கம் நிற்கிறார் என்பதை.