மலாயாத் தோட்டப்புறப் பிரிவுப் பாடல்கள்

மலாயாவின் ரப்பர், தேயிலைத் தோட்டங்களில் தமிழர் வாய்மொழியாகப் பாடிவந்த ஏக்கப் பாடல்கள். தெம்மாங்கு, தாலாட்டு, ஒப்பாரி என மூன்று வடிவிலும் உண்டு. அவற்றில் பிரிவின் அடையாளமாக நிற்பவை கப்பலும் ரயிலும்.

சங்க நூலான பட்டினப்பாலையின் தலைவன், காவிரிப்பூம்பட்டினமே கிடைத்தாலும் அவளைப் பிரிந்து வரமாட்டேன் என்று நெஞ்சிடம் சொன்னான். மலாயாவுக்கு நாகப்பட்டினத்தில் கப்பலேறியவர்களுக்கு அப்படிச் சொல்ல வழியில்லை. ஒப்பந்தக்கூலி முறை 1910இல் ஒழிந்தது. கங்காணி வழி ஆள்சேர்ப்புக்கு 1938இல் இந்திய அரசு முற்றுப்புள்ளி வைத்தது. தொடக்கத்தில் வந்தோர் பெரும்பாலும் ஆண்கள். அக்காலப் பாடல்களுள் எவை ஊரிலிருந்து வந்தவை, எவை இங்கே கட்டியவை என்று பிரிப்பது எளிதன்று.

தேயிலையும் இம்மக்களின் வேலைக்களமே: மலாயாவின் கேமரன் மலையில் 1929இல் ஜே. ஏ. ரஸ்ஸல் ‘போ’ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். இலங்கைத் தேயிலையில் பழகிய ஏ. பி. மில்ன் துணைநின்றார். அம்மலையில் பிரிஞ்சாங் ஊரை அடுத்த சுங்கை பாலாஸ் தோட்டமும் அந்நிறுவனத்துடையதே. எனினும் பாடல் தொகுப்புகளில் பால்மரமான ரப்பரே மேலோங்கும். கொழுந்துக் கூடைக்கு இடம் குறைவு.

இப்பாடல்களில் மிகுதியாகப் பேசப்படுவது ஜப்பான்காரன் ஆண்ட காலம். 1942–43இல் சயாமையும் பர்மாவையும் இணைக்க 415 கிலோமீட்டர் ரயில்பாதை போடப்பட்டது. அந்த வேலைக்கு ஆள்பிடித்தவர்கள், மூன்றே மாதத்தில் திரும்பலாம், நல்ல கூலி என்றார்கள். இலவசப் படக்காட்சி என்று கூட்டி, கதவை அடைத்து, அப்படியே லாரியில் ஏற்றியதாகவும் உயிர்தப்பியோர் கூறியுள்ளனர். வேலைக்குக் கொண்டுபோன ஆசியத் தொழிலாளர் 1,80,000 முதல் 2,50,000 வரை எனக் கணக்குகள் வேறுபடும். அவர்களுள் தமிழர் தொகையிலும் மாண்டோர் தொகையிலும் ஒருமித்த கருத்தில்லை. காலராவும் மலேரியாவும் பட்டினியும் கொன்றவர்களுள் பலருடைய வீட்டுக்குச் சாவுச் செய்திகூட வரவில்லை. ஒப்பாரி வைப்பதா, தாலியைக் கழற்றாமல் காத்திருப்பதா? லயம் எனும் தொழிலாளர் குடியிருப்பின் வாசலில் குழந்தையை மடியில் போட்டவள், தாலாட்டுக்குள்ளேயே சயாமுக்குப் போனவனையும் விசாரித்துவிடுவாள். அவனைக் கொண்டுபோன ரயிலையும் ஒரு வசை வைவாள்.

இந்த அவலத்தை ஆர். சண்முகம் ‘சயாம் மரண ரயில்’ நாவலிலும், அ. ரெங்கசாமி ‘நினைவுச் சின்ன’த்திலும் எழுதினர். நாட்டுப்புறப் பாடல்களை இரா. தண்டாயுதம் தொகுத்தார். முரசு நெடுமாறனின் ‘மலேசியத் தமிழ்க் கவிதைக் களஞ்சியம்’ 1997இல் வந்தது.

1969க்குப் பின் மலேசியாவின் வேலை அனுமதிச் சட்டத்தால் குடியுரிமையற்றோர் பல்லாயிரவர் தமிழகம் திரும்பினர். குடும்பங்கள் மறுபடி பிரிந்தன. இன்று பிரிஞ்சாங் சரிவுகளில் கொழுந்து வெட்டுவோர் பெரும்பாலும் வங்காளதேசம், நேப்பாளம், இந்தோனேசியாவிலிருந்து வந்தவர்கள்.