வீட்டிலேயே விமானம்: மூடுறதுக்கு முன்னாடி ‘கை போகுமா’ன்னு ஏன் பார்க்கணும்?

கேரளாவின் ஆலப்புழாவைச் சேர்ந்த பொறியாளர் அசோக் தாமராக்‌ஷன், 2020 ஊரடங்கு காலத்தில் இங்கிலாந்தின் எசெக்ஸில் உள்ள வீட்டிலேயே விமானம் கட்டத் தொடங்கினார். தென்னாப்பிரிக்க நிறுவனத்தின் ‘ஸ்லிங் டிஎஸ்ஐ’. பாகங்களாக வாங்கி நாமே பொருத்தும் ‘கிட்’ விமானம், 4 பேர் உட்காரலாம். சுமார் 18 மாத உழைப்பு, 1,40,000 பவுண்டு செலவு. 2022-ல் பறந்தது.

இப்படிப்பட்ட விமானங்களில், தகடுகளை இணைப்பதைவிடத் தலைவலி எந்தக் கருவியை எங்கே வைப்பது என்பதுதான். உடல்பகுதி திறந்திருக்கும்போது எல்லாமே கைக்கு எட்டும். மேல்தகட்டை ரிவெட் அடித்து மூடிட்டா அவ்வளவுதான். பூச்சு முடிஞ்ச சுவரை உடைச்சு வயரிங் பண்ற கதை!

ஜிபிஎஸ் ஆன்டெனாவுக்கு வானம் மறையக் கூடாது. பேட்டரி கனமானது, இடம் மாறினால் விமானத்தின் எடை மையமும் நகரும். திசை காட்டும் காந்த சென்சார், இரும்பையும் அதிக மின்சாரம் பாயும் வயர்களையும் விட்டுத் தள்ளி இருக்கணும். அதனால் பலர் அதை இறக்கை நுனியில் வைக்கிறார்கள். அங்கே ஸ்பேனர் நுழையணுமே? ஸ்க்ரூ போட்ட மூடி வேண்டும். ஆனால் நினைத்த இடத்தில் ஓட்டை போட முடியாது, அந்தத் தகடும் பாரம் தாங்குகிறது.

விபத்து நேர்ந்தால் சிக்னல் அனுப்பும் கருவியின் பேட்டரிக்குக் காலாவதி தேதி உண்டு, அதையும் மாற்றணும். மீட்டர் பலகைக்குப் பின்னால் வயரைக் கொஞ்சம் தாராளமாக விட்டால் பலகையை முன்னால் இழுத்துக் கழற்றலாம். இல்லைன்னா, சீட்டுக்குக் கீழே மல்லாந்து படுத்து, டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டுதான் வேலை.